யாரும் கேட்காத பெயர்

ஜனவரி 9, 2018

அன்புள்ள வெர்னீட்டா அக்காவுக்கு,

தம்பி லெமுவேல் எழுதுவது. ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறேன். கடைவாய்ப் பல் ஒன்றுதான் படுத்துகிறது, அதைப் பிடுங்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா?

அக்கா, பரோலில் விடுதலை கிடைத்துவிட்டது. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, நம்பிக்கை வராமல் மேல் கட்டில் கிழவனிடம், ஸ்கூட்டர் என்று நாங்கள் கூப்பிடுகிறவனிடம், கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "உன் பேருதான்டா போட்டிருக்கு, போய்த் தொலை" என்று சொல்லிவிட்டுக் கிழவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. நான் போய் இருக்கப்போகும் வீட்டின் விலாசத்தைக் கொடுக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். நீ இருக்கும் அரசுக் குடியிருப்பின் சட்டம் உனக்குத் தெரியும். என்னைப்போல் சிறைக்குப் போனவன் ஒரு ராத்திரி தங்கினால் உன்னையும் வெளியே போடுவார்கள். ஆகவே நீ வாங்குவதாகச் சொன்ன, இழுத்து வந்து நிறுத்தும் அந்த டிரெய்லர் வீடுதான் ஒரே வழி. அடுத்த ஜனவரிக்குள் விலாசம் கொடுக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. பத்தொன்பது வருஷம் இருந்தவனுக்கு இன்னும் ஒரு வருஷம் என்ன பெரிது என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். பெரிதுதான் அக்கா.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
லெம்

பிப்ரவரி 3, 2018

அருமைத் தம்பி லெமுவேலுக்கு,

அக்கா வெர்னீட்டாவின் வாழ்த்து. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நானும் அதுவும் சமாதானமாகிவிட்டோம். உன் பல்லைச் சீக்கிரம் பிடுங்கு, சீழ் வைத்துக்கொள்ளாதே.

சபையில் எழுந்து நின்று உன் விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் அல்லேலூயா போட்டார்கள். சகோதரி மேபல் மட்டும், "எந்தத் தம்பி?" என்று கேட்டாள். எனக்கு என்ன பத்துத் தம்பியா? கிழவிக்குக் குசும்பு.

வீட்டுக் கதையைக் கேள். ஆகஸ்டிலிருந்து இதுவரை நாலு இடத்தில் லோன் கேட்டுவிட்டேன். ஒருவர் இல்லை என்று சொன்ன பிறகுதான் அடுத்தவரிடம் போகிறேன். அம்மா நம்மை வளர்த்த லட்சணம் அது. பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்டுவிட்டு, அவள் கிண்ணத்தோடு திரும்புவதற்குள் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினால் முதுகில் விழும். ஆனால் கேட்கக் கேட்க என் கிரெடிட் ஸ்கோர் குறைகிறது. 611-இல் இருந்தது 588 ஆகிவிட்டது. கடைசி இடத்துப் பையனிடம், "நான் இன்னும் ஒரு காசு கடன் வாங்கலையே தம்பி, கேட்டதுக்கே மார்க்கக் கொறைப்பீங்களா?" என்றேன். "சிஸ்டம் அப்படிங்க மேடம்" என்றான். அந்த ஆஸ்பத்திரி லாண்டரியில் இருபத்தாறு வருஷம் துணி வெளுத்தவளுக்கு இந்த சிஸ்டம் கொடுத்த மரியாதை இது.

தைரியமாக இரு.
அக்கா

பிப்ரவரி 20, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

பல் போயிற்று. கஞ்சி குடித்துக்கொண்டு நலமாக இருக்கிறேன். நீயும் நலம்தானே?

உன் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கே எடுத்துப் போனேன். வெளியே போகிறவர்களுக்குப் பணவிஷயம் சொல்லித்தர ஹாஸ்கின்ஸ் என்று ஒரு பெரியவர் வருகிறார். முப்பது வருஷம் வங்கியில் இருந்தவர். படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, உங்க அக்கா ரொம்ப மரியாதையா கேட்டிருக்காங்க. அதான் தப்பு" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கடன் கேட்டு நீ மனுப்போடும் ஒவ்வொரு தடவையும் உன் ஃபைலில் ஒரு வரி விழும். ஒரு வரிக்கு நாலைந்து மார்க்கு போகும். உன்னைப்போல் ரொக்கத்திலேயே வாழ்ந்து ஃபைல் மெலிந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடவே போகும். மாதம் ஆக ஆக அந்த வரியின் வலு குறைந்து, ஒரு வருஷத்தில் போயே போய்விடும், இரண்டு வருஷத்தில் வரியே மறைந்துவிடும். ஆனால் வீட்டுக் கடனுக்கு ஒரு சலுகை உண்டு. பதினான்கு நாளுக்குள் பத்து இடத்தில் கேட்டாலும் ஒரே கேள்வியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், நல்ல வட்டி தேடுகிறாய் என்று புரிந்துகொண்டு. நீ மாதக்கணக்கில் இடைவெளி விட்டதால் நாலும் தனித்தனியாக விழுந்துவிட்டன.

இனி ஒரே வாரத்தில் எல்லா இடத்துக்கும் போ. மார்க்கை நீயே பார்த்துக்கொள்வதால் ஒன்றும் குறையாது, ஆகவே மாதா மாதம் நூலகத்தில் பார்த்து எனக்கு எழுது. ஒரு தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

லெம்

மார்ச் 30, 2018

தம்பி லெமுவேலுக்கு,

நலம். உன் நலத்துக்காக ஜெபிக்கிறேன்.

இந்த மாதம் ஒரு இடத்தில் கேட்டேன். முடியாது என்றுவிட்டார்கள். மார்க்கு 584.

ஈஸ்டருக்குப் பாட்டுக்குழுவில் புதுத் துணி எடுத்திருக்கிறார்கள். ஊதா நிறம். எனக்கு இடுப்பில் பிடிக்கிறது.

அக்கா

ஏப்ரல் 15, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

மறுபடியும் ஒரே ஒரு இடமா? உன்னைத் திருத்த முடியாது போ. ஹாஸ்கின்ஸிடம் சொன்னேன், "அம்மா வளர்ப்பு பலமா இருக்கு" என்று சிரித்தார். மனம் தளராதே. அடுத்த தடவை நாலு இடத்துக்கும் சேர்த்துப் போ.

நான் எந்த அறையில் இருக்கப்போகிறேன் என்று யோசித்தாயா? சின்னதே போதும். படி உடைந்திருந்தால் நான் கட்டித் தருகிறேன், இங்கே தச்சு வேலை படித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கீரையும் சோளரொட்டியும் நீ செய், பாத்திரம் நான் கழுவுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் பயந்துவிடாதே. எண்ணிக்கை எடுப்பதற்காகத் தினமும் நாலு மணிக்கு எங்களை எழுப்பிக் கட்டில் பக்கத்தில் நிற்க வைப்பார்கள். பத்தொன்பது வருஷப் பழக்கம். வெளியே வந்தாலும் கொஞ்ச நாள் நாலு மணிக்கு நான் எழுந்து நிற்பேன் போலிருக்கிறது. போனவர்கள் எழுதுகிறார்கள், அப்படித்தான் ஆகிறதாம். நீ பாட்டுக்குத் தூங்கு.

நீ கடைசியாக என்னைப் பார்க்க வந்து ஏழு வருஷம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை, உன் காருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். தலை முழுக்க நரைத்துவிட்டது எனக்கு. கதவைத் திறந்தால் அம்மாவின் அண்ணன் வந்து நிற்கிறார் என்று நினைப்பாய்.

லெம்

ஜூலை 8, 2018

அருமைத் தம்பிக்கு,

அக்காவின் வாழ்த்து. பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. லாண்டரியில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவர்கள் வேலையும் என் தலையில்தான்.

லோன் கதை கேட்டால் சிரிப்பாய். மே மாதம் ஒரு இடத்துக்குப் போனேன். அங்கே இருந்த ஆள் பறங்கிக்காய்க்கு டை கட்டியது மாதிரி இருந்தான். "மேடம், டிரெய்லர் வீடு புயல்ல பறந்துபோனா யாரு பொறுப்பு?" என்று கேட்டான். "பறந்து வந்து உங்க வீட்டு மேல விழுந்தா, அப்ப நீங்கதான்" என்றேன். முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டான். ஜூனில் இன்னொரு இடம். அங்கே ஒரு பெண், என் விண்ணப்பத்தின் மேலேயே காப்பியைக் கொட்டிவிட்டு, அதே ஈரத்தோடு இல்லை என்றாள்.

மார்க்கு மே மாதம் 595. இப்போது 606. உன் சுவரில் எழுதிக்கொள்.

அக்கா

ஜூலை 22, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே நாடுகிறேன்.

606! எங்கள் சிறைப்பகுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. காவலர் ஒருவர்கூட, "இன்னிக்கு அக்கா மார்க்கு என்னடா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். ஸ்கூட்டர் சொல்கிறான், "உங்க அக்கா என்னைக் கட்டிக்கிட்டா என் மார்க்கும் ஏறுமா?" என்று. அவனுக்கு நான் சொன்ன பதிலை உனக்கு எழுத முடியாது.

அந்தப் பறங்கிக்காயை விடு. 620-க்கு மேல் போனால் யாராவது ஒருவர் கட்டாயம் கொடுப்பார் என்று ஹாஸ்கின்ஸ் சொல்கிறார். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.

லெம்

ஆகஸ்ட் 26, 2018

தம்பி லெமுவேலுக்கு,

நலம்தானே? எனக்கு இருமல் வந்து போயிற்று.

ஜூலையிலும் ஒரு இடத்தில் கேட்டேன், இந்த மாதமும் கேட்டேன். இரண்டும் இல்லை என்றாகிவிட்டது. என்ன செய்ய, கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மார்க்கு 621. தபால்தலை வாங்கிக்கொள்ளப் பத்து டாலர் உன் பேரில் போட்டிருக்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 12, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் விட்டதா? வெந்நீர் குடி. நான் சுகமாக இருக்கிறேன்.

நேற்று வகுப்புக்குச் சுவரில் இருந்த தாளைக் கிழித்துக் கொண்டுபோனேன். 621 தொட்டதை ஹாஸ்கின்ஸிடம் காட்டப் பெருமையாக இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இங்க பாருங்க, மார்ச்சுல ஒரு எடத்துல கேட்டிருக்காங்க, எறங்கியிருக்கு. அதுக்கப்புறம் யாருகிட்டயும் கேக்கல. பழைய வரியெல்லாம் ஆறிப்போச்சு, அதான் இப்படி அழகா ஏறுது. நல்ல பொறுமைங்க உங்க அக்காவுக்கு" என்றார்.

"இல்ல சார், மாசம் ஒருத்தர்கிட்ட கேக்கறாங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பு முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை. போகும்போது மட்டும் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அக்கா, நான் உன்னிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. லிட்டில் ராக் நகரில் என்னைப்போன்றவர்கள் வந்து தங்குவதற்கென்று ஒரு சபை நடத்தும் விடுதி இருக்கிறது. இருபது கட்டில். அந்த விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். டிசம்பரில் விடுவார்கள். நீ இனி எந்த லோன் ஆபீசரையும் பார்க்கப் போக வேண்டாம். பறங்கிக்காய்க்காரனை நினைத்து இப்போதும் சிரிப்பு வருகிறது. அவனை நீ நன்றாகவே எழுதியிருந்தாய்.

கடிதம் மட்டும் நிறுத்திவிடாதே.

லெம்

நவம்பர் 29, 2018

அருமைத் தம்பி லெமுவேலுக்கு,

எனக்குச் சுகமில்லை. உடம்பைச் சொல்லவில்லை. உன் சுகம் எழுது.

பதினோரு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். மார்ச்சில் போனேனே, அந்த இடத்தில் முடியாது என்று சொல்லவில்லை லெம். கொடுக்கிறோம் என்றார்கள். வட்டி கூடத்தான், ஆனாலும் என்னால் கட்டியிருக்க முடியும். அந்தப் பெண் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "வீட்ல எத்தன பேரு இருப்பீங்கம்மா?" என்று கேட்டாள். "நான் மட்டுந்தான்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. திருத்திச் சொல்லலாமே என்று உட்கார்ந்து பார்த்தேன். கைப்பையை எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். அதன்பிறகு யாரிடமும் கேட்கவில்லை. பறங்கிக்காயும் இல்லை, காப்பி கொட்டினவளும் இல்லை. உனக்கு எழுத ஏதாவது வேண்டுமே என்று ராத்திரி சமையலுக்கு நடுவில் அவர்களை உண்டாக்கினேன். மார்க்கை மட்டும் பொய்யாக எழுத மனம் வரவில்லை. அது காட்டிக்கொடுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ போனபோது இருபத்துமூன்று வயது. எந்தச் சாவுக்காக நீ உள்ளே போனாயோ, அந்தக் கடைக்காரர் செத்துப்போன நாள் காலையில் என் அடுப்படியில் நின்று முட்டை தின்றாய். இப்போது நாற்பத்திரண்டு. எனக்குத் தெரிந்தவன் கடிதம் எழுதுகிற லெம்தான். அவன் மேல் எனக்கு உயிர். கதவைத் திறந்தால் நிற்கப்போகிற நரைத்த தலைக்காரன் யார் என்று எனக்குத் தெரியாது. நாலு மணிக்கு எழுந்து நிற்பேன் என்று நீ எழுதிய பிறகு, நாலு மணிக்கு எனக்கு விழிப்பு வர ஆரம்பித்துவிட்டது. நீ அன்றைக்குச் செய்த காரியத்துக்காக இல்லை என்று எழுதப் பார்க்கிறேன், அப்படியும் எழுத முடியவில்லை. பத்தொன்பது வருஷம் தனியாகவே இருந்து பழகிவிட்டேன். தனிமையைத் திட்டிக்கொண்டே அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தால் நீ வசந்தத்திலேயே வெளியே வந்திருப்பாய். அந்த மாதங்களை நான் உனக்குத் திருப்பித் தர முடியாது.

வெர்னீட்டா

மே 20, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

லிட்டில் ராக்கிலிருந்து உன் தம்பி. உடம்பு நலம், இரத்த அழுத்தம்தான் கொஞ்சம் கூடுதல். உன் முழங்காலுக்குத் துணிப்பட்டை ஏதாவது கட்டுகிறாயா?

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. முதலில் கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். விடுதியில் இருபது கட்டிலில் ஒன்றில் படுத்திருந்தபோது ஒருநாள், நாலு மணிக்கு நான் எழுந்து நிற்பதைப் பார்த்து அடுத்த கட்டில் பையன் போர்வைக்குள் சுருண்டான். அப்போது உன்னை நினைத்தேன். கோபம் இறங்கிவிட்டது.

டயர் கடையில் வேலை. போன வாரம் தனியாக ஒரு அறை கேட்டுப் போனேன். வீட்டுக்காரியின் பெயர் கேட்டோ அம்மாள், எழுபது வயது, வாய் கொஞ்சம் நீளம். என் கிரெடிட்டைப் பார்க்க வேண்டும் என்று பேரையும் அடையாள எண்ணையும் வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினாள். "ஏம்ப்பா, இப்படி ஒரு ஆளே இல்லன்னு வருதே? நீ மனுசனா, ஆவியா?" என்றாள். "கொஞ்ச நாளா வெளியூர்ல இருந்தேங்க" என்றேன். ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த வெளியூருன்னு எனக்குத் தெரியும். ரெண்டு மாச வாடகைய மொதல்ல வையி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் என் ஃபைலைப் பார்த்தேன். என் பேர், இந்த விலாசம், அப்புறம் ஒரே ஒரு வரி: மே மாதம் பதினாலாம் தேதி கேட்டோ அம்மாள் என்னைப்பற்றிக் கேட்டது. அவ்வளவுதான். மேலே ஒன்றுமில்லை, கீழே ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் என்னைப்பற்றி வெளியே ஒருவர் கேட்டிருக்கிறார் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. நூலகப் பெண் என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த வரியும் இரண்டு வருஷம்தான் இருக்கும். உன்னை வரச்சொல்லி எழுதவில்லை. அறையில் ஒரு நாற்காலிதான். விலாசத்தை மட்டும் உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

லெம்

ஜூன் 17, 2019

என் அருமைத் தம்பி லெமுக்கு,

அக்கா சுகம். நீ சுகம் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை பஸ் ஏறி வந்தேன். உன் தெருமுனையில் இறங்கி, எதிர்ப்பக்கம் மருந்துக்கடை நிழலில் நின்றேன். நீ வாசற்படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒரு வயதான ஆள் என்று நினைத்தேன். தோலைக் குப்பைத்தொட்டியில் போட எழுந்து நடந்தாயே, அந்த நடையில்தான் தெரிந்தது. வலது காலை அப்பா மாதிரியே இழுத்து வைக்கிறாய். உன் கண்ணெதிரே அரைமணி நேரம் நின்றேன். தெருவைக் கடக்க இரண்டு தடவை கால் எடுத்தேன். அடுத்த பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பைன் பிளஃப் ஊர் வரும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்தவள் இடம் மாறி உட்கார்ந்தாள்.

வருகிற சனிக்கிழமை மறுபடி வருகிறேன். பஸ் பத்தே முக்காலுக்கு. நீ வாசலில் உட்காராதே, லெம். தெருவில் வந்து என்னைத் தேடாதே, கையசைத்துக் கூப்பிடாதே. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இரு. எவ்வளவு நேரமானாலும் இரு.

இந்தத் தடவை நான்தான் வந்து தட்ட வேண்டும்.

உன் அக்கா,
வெர்னீட்டா